பாப்அப் இருக்கட்டும், அந்த ரன் பெட்டியில் எதை ஒட்டினீர்கள்?

வாசகர் ஒருவரின் கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"வணக்கம். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, குரோம் பிரவுசர். கொஞ்ச நாளாக வலது பக்கம் கீழே 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது' என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. எதைத் தேடினாலும் பேர் தெரியாத ஒரு தேடுதளத்துக்குப் போகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன்தான் காரணம் என்று கண்டுபிடித்து நீக்கினேன், மறுநாளே திரும்ப வந்துவிட்டது. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று இருக்கிறது, ஆனால் இது என் சொந்த லேப்டாப். சில தளங்கள் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று திறக்க மறுக்கின்றன. பக்கத்தில் எங்கே க்ளிக் செய்தாலும் ஒரு கோடு மின்னுகிறது, இதுவும் வைரஸா? இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. நண்பர் ஃபார்மட் பண்ணிவிடு என்கிறார். பண்ணத்தான் வேண்டுமா? (போன வாரம் ஒரு படம் டவுன்லோட் செய்யப் போன இடத்தில், நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொன்னது. செய்தேன். ஒன்றும் ஆகவில்லை, படமும் வரவில்லை.)"

வணக்கம். கடைசியில் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூலையில் வந்து கத்துகிற அந்த 5 வைரஸும் பொய். தேடுதளம் மாறியது எரிச்சல்தான், அதைச் சரி செய்துவிடலாம். ஆனால் ரன் பெட்டியில் எதையோ ஒட்டி என்டர் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள் பாருங்கள், அங்கே ஆகவேண்டியது ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குவோம். முதலில் லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். மீதியைப் போனில் படியுங்கள்.

இந்த ஏமாற்று வேலைக்குக் கிளிக்ஃபிக்ஸ் என்று பேர். 2024-லிருந்து பரவலாக நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைத் தொட்டீர்கள் அல்லவா, அந்த நொடியே பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் காப்பி செய்துவிட்டது. அப்புறம் விண்டோஸும் ஆரும் அழுத்தினால் ரன் பெட்டி திறக்கும், கன்ட்ரோல் வி அழுத்தினால் கட்டளை ஒட்டும், என்டர் தட்டினால் ஓடும். அந்தப் பெட்டி சின்னது, கட்டளையோ நீளம், ஒட்டியதும் கர்சர் கடைசியில் போய் நிற்பதால் கண்ணுக்குத் தெரிவது வால் மட்டும்தான். அந்த வாலில் 'நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இன்னது' என்று அப்பாவியாக ஒரு குறிப்பை எழுதி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் பவர்ஷெல் என்றோ எம்எஸ்ஹெச்டிஏ என்றோ (இரண்டும் விண்டோஸிலேயே இருக்கும், கட்டளைகளை ஓட்டும் கருவிகள்) ஆரம்பித்து, எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து ஒரு நிரலை இறக்கி ஓட்டச் சொல்லும் வரி இருக்கும்.

பிரவுசர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பிரவுசர் வழியாக எந்த ஃபைலும் இறங்கவில்லையே, அது என்னத்தைத் தடுக்கும்? சந்தேகமான டவுன்லோடைப் பார்த்தால் குரோம் எச்சரிக்கும், இணையத்திலிருந்து வந்த ஃபைலைத் திறக்கும்போது விண்டோஸும் ஒருமுறை கேட்கும். இந்த இரண்டு வாசலையும் தாண்டத்தான் உங்கள் கையாலேயே கட்டளையை ஓட்ட வைத்தார்கள்.

ஓடியதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வைஃபை அணைந்திருக்கும்போதே விண்டோஸ், ஆர் இரண்டையும் அழுத்துங்கள். ரன் பெட்டி கடைசியாக ஓட்டிய கட்டளையைத் தானாகவே நிரப்பிக்கொண்டு திறக்கும், பக்கத்தில் இருக்கும் கீழ் அம்புக்குறியைத் தொட்டால் அதற்கு முன்பு ஓட்டியவையும் வரும். தப்பித் தவறிக்கூட என்டர் தட்டிவிடாதீர்கள், மறுபடி ஓடிவிடும். கட்டத்துக்குள் ஹோம் பட்டனை அழுத்தி வரியின் ஆரம்பத்துக்குப் போய்ப் படித்துவிட்டு எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். நான் சொன்ன பேர்களில் ஒன்றோ, தெரியாத ஒரு இணைய முகவரியோ இருந்தால் விஷயம் உறுதி. ஒன்றுமே இல்லாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம், தடயத்தை அழித்துவிட்டுப் போகிற நிரல்களும் இருக்கின்றன. என்டர் தட்டிய ஞாபகம் உங்களுக்கு இருக்கிறது, எனக்கு அது போதும்.

இப்படி உள்ளே வருவது பெரும்பாலும் தகவல் திருடும் ரகம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்காது, கணினியை மெதுவாக்காது, உங்களிடம் ஒரு வார்த்தை பேசாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் விவரம், குக்கி எல்லாவற்றையும் சில நிமிடங்களில் மூட்டை கட்டி அனுப்பிவிடும், சில ரகம் அனுப்பி முடித்ததும் தன்னையே நீக்கிக்கொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டும் ஒன்றும் சிக்கவில்லை என்கிறீர்களே, திருடன் போன பிறகு தேடியிருக்கலாம். இந்த ரகத்தில் பேர் போன ஒன்று லும்மா. 2025 மார்ச் 16-லிருந்து மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மே மாதமே நீதிமன்ற உத்தரவு வாங்கி அதன் இணைய முகவரிகளில் சுமார் 2,300-ஐ முடக்கவும் செய்தார்கள். அதோடு இந்தத் தொழில் நின்றுவிடவில்லை.

குக்கி போனதுதான் பலருக்கும் உறைக்காத இடம். நீங்கள் ஒரு தளத்தில் பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வந்த ஓடிபியையும் போட்டு உள்ளே போனதும், அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு குக்கியைக் கொடுத்து வைக்கிறது, விழா மண்டப வாசலில் டிக்கெட் பார்த்துவிட்டுக் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. அடுத்த முறை பட்டையைத்தான் பார்ப்பார்கள், டிக்கெட்டைக் கேட்கமாட்டார்கள். அந்தக் குக்கி இன்னொருவன் கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே அவன் நீங்களாகிவிடுவான். குரோம் 2024 ஜூலையில் வந்த 127-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் குக்கிகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டது. நல்ல முயற்சிதான், ஆனால் சில மாதங்களிலேயே அதற்கும் திருட்டுச் சாவி செய்துவிட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான், இந்த வரிசையிலேயே. லேப்டாப்பைத் தொடாமல், போனிலிருந்தோ வீட்டில் வேறு ஒருவர் கணினியிலிருந்தோ முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏன் ஈமெயில் முதலில் என்றால், மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று சொன்னால் லிங்க் வந்து சேர்கிற இடம் அதுதான். மாற்றியதோடு விடாமல், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்களில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். திருடு போன குக்கி அப்போதுதான் செல்லாக்காசு ஆகும். அங்கேயே மீட்பு போன் எண்ணும் மீட்பு ஈமெயிலும் உங்களுடையதுதானா, மெயில் செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபில்டரோ வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடோ இருக்கிறதா, உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஆப்புக்கு அனுமதி போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் மெயிலின் பிரதி இன்னொருவனுக்குப் போய்க்கொண்டே இருப்பது இந்த ஃபில்டர் வழியாகத்தான், இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அதன் பிறகு வங்கி. பாஸ்வேர்டை மாற்றுங்கள், கார்டு விவரத்தை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் வங்கியிடம் சொல்லி அந்தக் கார்டை முடக்கி வேறு வாங்குங்கள். போன் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிற நம்பருக்கே கூப்பிடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம் இவற்றில் 'இணைத்த சாதனங்கள்' பகுதியில் இருப்பதையெல்லாம் வெளியேற்றுங்கள். மீதியை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம், ஒரே பாஸ்வேர்டை நான்கு இடத்தில் போட்டிருந்தால் அந்த நான்கும் முதலில்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃபார்மட். ஆமாம், பண்ணத்தான் வேண்டும். உங்கள் நண்பர் சொன்னது சரி, பாப்அப்புக்காகச் சொல்லியிருந்தால் காரணம் மட்டும் தப்பு. பாப்அப்புக்கு ஃபார்மட் செய்வது வீண் வேலை, எதைச் சொன்னாலும் ஃபார்மட் என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் யாரோ எழுதிய, என்ன செய்தது என்று தெரியாத ஒரு கட்டளை ஓடியிருக்கிறது என்றால், இனி அந்த விண்டோஸை நம்பி அதில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் மாட்டேன். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இன்ஸ்டாலரை எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுச் சுத்தமாக நிறுவுவது உத்தமம். முடியாவிட்டால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி போய், எல்லாவற்றையும் நீக்கும் வழியையும் கிளவுட் டவுன்லோடையும் தேர்ந்தெடுங்கள் (இதற்கு மட்டும் நெட் தேவைப்படும்). அதற்கு முன் போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள், புக்மார்க்கை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். இன்ஸ்டால் ஃபைல்கள், கிராக் செய்த சாஃப்ட்வேர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஜிப் இவற்றைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போகாதீர்கள். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஃபார்மட் செய்ததால் திருடு போன பாஸ்வேர்டு திரும்பி வராது. பழைய லேப்டாப்பில் இருந்துகொண்டே பாஸ்வேர்டை மாற்றினால் புதுசும் சேர்ந்து போகலாம்.

சரி, இப்போது சத்தம் போடுகிறவைக்கு வருவோம். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் இது உங்களுக்கு வேண்டும், காரணம் கீழே வருகிறது. ரன் பெட்டிப் பக்கமே போகாமல் இந்தத் தொல்லைகள் மட்டும் இருப்பவர்கள் ஃபார்மட் பக்கமும் போக வேண்டாம், இதைச் செய்தாலே போதும்.

அந்த '5 வைரஸ்கள்' எச்சரிக்கையை அடுத்த முறை வரும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரிய சிவப்பு எழுத்துக்கும் ஆன்டிவைரஸ் கம்பெனி மாதிரியே போட்ட படத்துக்கும் நடுவே, சின்ன எழுத்தில் கூகுள் குரோம் என்றும் அதை ஒட்டி ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அது வைரஸ் எச்சரிக்கை இல்லை, என்றோ ஒரு நாள் 'தொடர அலோ அழுத்துங்கள்' என்று கேட்ட ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த நோட்டிபிகேஷன் அனுமதி. கணினியைச் சோதிக்கவோ எண்ணிச் சொல்லவோ ஒரு வலைத்தளத்தால் முடியாது, அந்த 5 என்பது சும்மா எழுதியது. என்னிடம் உதவி கேட்கிறவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பும்போது சரியாக அந்த முகவரி வரியை வெட்டிவிட்டு அனுப்புவார்கள், வேண்டியதே அதுதான். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். அடையாளம் தெரியாத எல்லாவற்றையும் பிளாக் செய்யுங்கள். அதே பக்கத்தில் இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைக்கவும் முடியும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மெயிலுக்கும் சாட்டுக்கும் மட்டும் கையால் அனுமதி. ஃபயர்ஃபாக்ஸ் 2020-லேயே, நீங்கள் பக்கத்தில் எதையும் தொடாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவிடுவதை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு போனிலும் இதே தொல்லை இதே வழியாகத்தான் வரும், குரோம் ஆப்பின் செட்டிங்ஸில் இதே இடத்தைப் பாருங்கள்.

முழுத்திரையையும் பிடித்துக்கொண்டு, சைரன் அடித்து, ஒரு போன் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லும் பக்கம் வந்தால் எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், டேபை மூடிவிடலாம். அசையவே இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிடுங்கள், திரும்பத் திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டால்தான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கும்.

அடுத்து, நீக்க நீக்க வருகிற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த 'நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' வரி. அலுவலகங்கள் தங்கள் கணினிகளில் குரோமைக் கட்டுப்படுத்த பாலிசி என்று ஒரு ஏற்பாடு உண்டு, எந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும், எந்தத் தேடுதளம் என்பதையெல்லாம் அதில் சொல்லிவிடலாம், பயனரால் நீக்க முடியாது. விளம்பர மால்வேர் எழுதுகிறவர்கள் அதே வசதியை உங்கள் கணினியின் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) எழுதி வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அட்ரஸ் பாரில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ், அப்புறம் பாலிசி என்று போட்டுத் திறந்தால் எந்தெந்தக் கட்டளை அமலில் இருக்கிறது என்று தெரியும். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற வரி இருந்தால் உங்கள் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவசரப்பட வேண்டாம், சில ஆன்டிவைரஸ்களும் நல்ல நோக்கத்தோடு இப்படிப் பாலிசி போடுவதுண்டு, அதனால் முதலில் அந்த இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை நீக்கிவிட்டுப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் எப்படியும் விண்டோஸ் புதிதாக வரப்போவதால் இந்த வரி அதோடு போய்விடும். மற்றவர்கள் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையும், விளம்பர மால்வேரை நீக்கும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்வ்கிளீனரையும் ஒருமுறை ஓட்டிவிட்டு, அதற்கும் போகாவிட்டால் மட்டும் ரிஜிஸ்ட்ரியைத் தொடலாம், அதையும் விவரம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு. அலுவலகம் கொடுத்த கணினி என்றால் கையே வைக்காதீர்கள், அந்த வரி அங்கே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் சிங்க், ஃபார்மட்டுக்குப் பிறகும் இது வேண்டும் என்றேனே, இதற்காகத்தான். குரோமில் கூகுள் கணக்கோடு நுழைந்து எல்லாவற்றையும் சிங்க் செய்திருந்தால், எக்ஸ்டென்ஷன் பட்டியலும் தேடுதளமும் உங்கள் கணக்கிலேயே போய் உட்கார்ந்திருக்கும். புத்தம் புது விண்டோஸில் குரோமைப் போட்டு லாகின் செய்த சில நிமிடத்தில் அதே எக்ஸ்டென்ஷன் இறங்கும், ஃபார்மட் செய்தும் வைரஸ் போகவில்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வீர்கள். எனவே இன்னொரு கணினியிலிருந்து கூகுள் கணக்கில் சிங்க் ஆன தகவல்களைக் காட்டும் பக்கத்துக்குப் போய், அங்கே சேர்ந்திருப்பதை அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டும் புக்மார்க்கும் அதோடு போகும் என்பதால், புக்மார்க்கை ஏற்றுமதி செய்யச் சொன்னதை முடித்துவிட்டு, வேண்டிய பாஸ்வேர்டுகளை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். புதிதாக சிங்க் தொடங்கும்போது எக்ஸ்டென்ஷனையும் செட்டிங்ஸையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும் டிக் செய்துகொள்ளலாம்.

எக்ஸ்டென்ஷன் நீக்கிய பிறகும் குரோம் திறந்ததும் வேண்டாத பக்கம் வருகிறவர்கள், டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானை வலது க்ளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். அது குரோம் டாட் ஈஎக்ஸ்ஈ என்று முடிய வேண்டும். அதற்கப்புறம் ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம், அதை மட்டும் அழித்தால் போதும், அல்லது ஐகானையே நீக்கிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நான் அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்துதானே எடுத்தேன்' என்று பலரும் கேட்கிறார்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது, பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும், நல்ல பேரோடு பல வருஷம் ஓடியது. 2020-ல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் இருக்கிறது என்று கூகுளே நீக்கியது. பயனர்கள் போட்டுக்கொண்டபோது நல்லதாக இருந்தது, அவர்கள் எதையும் மாற்றவில்லை, சத்தமில்லாமல் ஒரு அப்டேட்தான் வந்தது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கே இது நடந்தது, விற்கக்கூட இல்லை, அங்கே வேலை செய்யும் ஒருவரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி, கெட்ட பதிப்பொன்றை ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கிற எக்ஸ்டென்ஷனை உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துவதாகவே எண்ணுங்கள். என் கணக்கில் மூன்று, நான்குக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. கூப்பன் தேடித் தருவது, வால்பேப்பர் மாற்றுவது, பிடிஎஃப் மாற்றித் தருவது இதெல்லாம் முதலில் போகட்டும்.

நான் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வது விளம்பரத் தடுப்பான் ஒன்றைத்தான். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு. இது சௌகரியத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஒரு சாஃப்ட்வேரின் பேரைத் தேடினால் முதலில் வருவது பல நேரம் விளம்பரம், அந்த விளம்பரத்தைக் காசு கொடுத்துப் போட்டவன் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிதான் என்று எந்த உறுதியும் இல்லை. அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பக்கம், அதே லோகோ, டவுன்லோட் பட்டன், உள்ளே வேறு சரக்கு. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைச் சொல்லியே, தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. இறக்கிய ஃபைல் மேல் சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பாருங்கள், பல ஆன்டிவைரஸ்களின் கருத்து ஒரே இடத்தில் கிடைக்கும், ஆனால் சொந்த டாக்குமென்ட் எதையும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதை வேறு ஆட்களும் பார்க்க வழி உண்டு. அப்புறம், ஒரு வலைப்பக்கம் 'உங்கள் குரோம் பழசாகிவிட்டது, அப்டேட் செய்ய இங்கே அழுத்தவும்' என்று சொன்னால் மூடிவிடுங்கள். குரோம் தன் அப்டேட்டைத் தன் மெனுவிலேயே சொல்லும்.

'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' விஷயத்தில் அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்ன வரியைப் படியுங்கள். அது டேட் இன்வேலிட் என்று முடிந்தால் முதலில் உங்கள் லேப்டாப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தளங்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்ப தேதியும் முடிவு தேதியும் உண்டு, கணினி சில வருஷம் பின்னால் இருந்தால் நல்ல சான்றிதழும் அதற்குச் செல்லாததாகவே தெரியும். பழைய கணினியில் அணைத்துப் போட்டால் தேதி ஓடிவிடுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கும். அதுவே அத்தாரிட்டி இன்வேலிட் என்று முடிந்து, பல தளங்களில் வந்தால், உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். அது உங்கள் ஆன்டிவைரஸாகவும் இருக்கலாம், லாகின் கேட்கும் பொது வைஃபையாகவும் இருக்கலாம், மால்வேர் வைத்த பிராக்ஸியாகவும் (உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும் இடைத்தரகர்) இருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், பிராக்ஸி என்று போய் நீங்கள் போடாத முகவரியோ செட்டப் ஸ்கிரிப்டோ இருந்தால் அணையுங்கள். போனில் மொபைல் டேட்டாவில் அதே தளம் ஒழுங்காகத் திறந்தால் கோளாறு உங்கள் கணினியில் அல்லது வைஃபையில், அங்கேயும் திறக்காவிட்டால் தளத்தின் கோளாறு, அவர்கள்தான் சரி செய்ய வேண்டும். எதுவாக இருந்தாலும் 'பரவாயில்லை, தொடர்' என்று உள்ளே போய்ப் பாஸ்வேர்டு போடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. எச்சரிக்கை வராமல் திறந்த தளமெல்லாம் நல்ல தளம் என்றும் இல்லை. அட்ரஸ் பாரில் வரும் பூட்டுப் படம் காட்டுவது இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும்தான், எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்பதை இல்லை. மோசடித் தளங்களும் பூட்டுக் காட்டும் எச்டிடிபிஎஸ் இணைப்பில்தான் ஓடுகின்றன. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டுப் படத்தையே தூக்கிவிட்டு வேறு ஐகான் வைத்தது. பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வைத்துக்கொண்டால் இதில் ஒரு உதவி உண்டு, பக்கம் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் முகவரி ஒரு எழுத்து மாறினால் அது பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாக நிரப்புகிற இடத்தில் நிரப்பவில்லையென்றால் கையால் அடிக்கப் போவதற்கு முன் முகவரியைப் படியுங்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு வேண்டாம், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், கணினியும் தவழும். புது விண்டோஸில் வருகிற டிஃபெண்டரும், தானாக அப்டேட் ஆகும் பிரவுசரும், அந்த விளம்பரத் தடுப்பானும் வீட்டுக் கணினிக்குப் போதும் என்பது என் கருத்து.

அந்த மின்னும் கோடு வைரஸ் இல்லை. தெரியாமல் எஃப்7 பட்டனைத் தட்டியிருப்பீர்கள், கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லியிருப்பீர்கள். மவுஸ் இல்லாமல் கீபோர்டாலேயே பக்கத்தில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கிற வசதி அது. மறுபடி எஃப்7 அழுத்தினால் போய்விடும்.